ஆளைத் தோளுக்கு மேல் பறக்கவிடும் ஜூடோ 'கை எறி': கை பலமா, கால் கணக்கா? குமரி அடிமுறையில் இருந்து எங்கே வேறுபடுகிறது?

ஜூடோ போட்டியை டிவியில் பார்க்கும் பலருக்கும் வரும் முதல் சந்தேகம் ஒன்றுதான். 'அம்மாடி, அந்த ஆளை எப்படி இவ்வளவு லேசா தூக்கிப் போட்டுட்டாங்க?' ஒரு நொடிக்கு முன்புவரை இருவரும் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நிற்கிறார்கள். அடுத்த நொடி ஒருவர் சடாரெனத் திரும்புகிறார். மற்றவர் அவருடைய தோளுக்கு மேல் பறந்து, முதுகு பதிய விழுகிறார். ஆட்டம் முடிந்துவிடுகிறது.

கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் கொஞ்சம் நெருக்கமானது. அடிமுறையும் வர்மமும் சிலம்பமும் ஊறிய மண் இது. 'நம்ம ஊரு ஆசான்மார் செய்யாததா?' என்று கேட்பவர்கள் உண்டு. 'பிள்ளையைச் சேர்த்துவிட்டா தலையில கிலையில அடிபட்டிராதா?' என்று பயப்படும் பெற்றோரும் உண்டு. இரண்டுமே நியாயமான கேள்விகள்.

ஜூடோவின் கை எறி என்பது என்ன, அதை எப்படிக் கற்கிறார்கள், எப்படிச் செம்மைப்படுத்துகிறார்கள், ஆபத்து எங்கே இருக்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

கை எறி என்றால் என்ன?

ஜூடோவின் தாய்வீடு டோக்கியோவில் உள்ள கோடோகான். 68 எறி முறைகளை அது அங்கீகரித்திருக்கிறது. உடலின் எந்தப் பகுதி முக்கிய வேலையைச் செய்கிறது என்பதை வைத்து இவற்றைக் கை எறி, இடுப்பு எறி, கால் எறி, தானும் சேர்ந்து விழுந்து எறிவது என்று பிரிக்கிறார்கள்.

இதில் கை எறிகளுக்கு ஜப்பானிய மொழியில் 'தே-வாசா' என்று பெயர். மொத்தம் 16. அதிகம் கேள்விப்படுவது இந்த நான்கும்தான்:

• செயோய்-நாகே: எதிராளியை முதுகில் சுமந்து தோளுக்கு மேலாக எறிவது.

• இப்போன்-செயோய்-நாகே: அதே எறி. ஆனால் எதிராளியின் ஒரு கையை நம் முழங்கை மடிப்பில் இடுக்கிக்கொண்டு எறிவது.

• தாய்-ஒதோஷி: சுமக்காமல், காலை அணை போல நீட்டிவைத்து, கைகளால் சுழற்றி வீழ்த்துவது.

• கத்தா-குருமா: எதிராளியை இரு தோள்களின் குறுக்கே மூட்டை போல ஏற்றிச் சுழற்றி இறக்குவது.

கத்தா-குருமாவுக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ சிறிய உடல்வாகு கொண்டவர். மாணவராக இருந்தபோது, தன்னைவிட மிகவும் கனமான சக மாணவர் ஒருவரை அவரால் வீழ்த்தவே முடியவில்லை. நூலகத்தில் மேற்கத்திய மல்யுத்தப் புத்தகங்களைப் புரட்டி, அதிலிருந்து இந்த எறியை எடுத்துப் பழகி, அந்த மாணவரைத் தூக்கிப் போட்டதாகக் கானோவே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

அப்படியென்றால் கையில் பலம் இருந்தால் போதுமா?

போதாது. 'கை எறி' என்ற பெயர்தான் பலரையும் குழப்புகிறது. இதில் கை தூக்குவதில்லை. கை செய்வது, எதிராளியின் சமநிலையைக் கலைப்பது.

வீட்டிலேயே ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். சுவரில் முதுகும் குதிகாலும் ஒட்டி நிற்கும்படி நின்றுகொண்டு, முழங்காலை மடக்காமல் குனிந்து கால்விரலைத் தொட முயலுங்கள். முடியாது, முன்னால் சரிந்துவிடுவீர்கள். உடலின் எடை மையம் தொப்புளுக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. வழக்கமாக நாம் குனியும்போது, அந்த மையம் பாதத்தைத் தாண்டிப் போகாமல் இருக்க, இடுப்பு தானாகப் பின்னால் போகிறது. சுவர் அதைத் தடுத்துவிடுகிறது. மையம் விரல்நுனியைத் தாண்டியதும், எவ்வளவு பெரிய பயில்வானாக இருந்தாலும் விழத்தான் வேண்டும்.

ஜூடோக்காரரின் கை செய்வதும் இதுதான். இழுத்து, எதிராளியை விரல்நுனியில் நிற்கவைக்கிறது. ஜப்பானிய மொழியில் இதற்கு 'குசூஷி' என்று பெயர். சமநிலையைக் குலைப்பது என்று பொருள்.

குளச்சல், முட்டம் பக்கம் கடலில் வள்ளம் இறக்குவதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டெனப் புரியும். மணலில் உட்கார்ந்திருக்கும் வள்ளத்தை எத்தனை பேர் தள்ளினாலும் லேசில் அசையாது. அலை வந்து அடியில் புகுந்து தூக்கும் அந்த நேரம் பார்த்துத் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போகும். ஆளும் அப்படித்தான். இரண்டு பாதமும் பதிய நிற்பவரைத் தூக்க முயன்றால் இடுப்புதான் பிடித்துக்கொள்ளும். எடை விரலுக்கு ஏறிய நொடியில் இழுத்தால் பாதி வேலை முடிந்தது.

கானோவுக்கே இது ஒரே நாளில் புரிந்துவிடவில்லை. கிட்டோ-ரியூ என்ற பழைய மரபில் இக்குபோ என்ற ஆசானிடம் அவர் பயின்றார். எப்போதும் ஆசான்தான் எறிவார், கானோதான் விழுவார். ஒருநாள் எல்லாம் தலைகீழாக நடந்தது. கானோ எறிந்துகொண்டே இருந்தார், ஆசானால் அவரை எறிய முடியவில்லை. எதிராளி நகரும்போது சமநிலை எப்போது கலைகிறது என்பதைக் கண்டுபிடித்ததுதான் காரணம் என்று கானோ ஆசானிடம் விளக்கினார். 'இனி உனக்குச் சொல்லித்தர என்னிடம் ஒன்றும் இல்லை' என்ற பொருளில் ஆசான் பதில் சொன்னதாகவும் கானோ பதிவு செய்திருக்கிறார்.

செயோய்-நாகே: ஒரு நொடிக்குள் நடப்பது என்ன?

வலது கைப் பழக்கம் உள்ளவர் எறிவதாக வைத்துக்கொள்வோம். இது புரிந்துகொள்வதற்கான விளக்கம் மட்டுமே. பயிற்சியாளரும் விரிப்பும் இல்லாமல் முயன்று பார்க்கும் விஷயம் இல்லை.

1. பிடி: இடது கை எதிராளியின் வலது சட்டைக்கையைப் பிடிக்கிறது. வலது கை அவருடைய இடது மார்புப் பட்டையைப் பிடிக்கிறது.

2. கலைத்தல்: இடது கை, கைக்கடிகாரத்தில் மணி பார்ப்பது போல மேலே உயர்ந்து வெளிப்பக்கம் இழுக்கிறது. வலது கையும் சேர்ந்து மேலே இழுக்கிறது. எதிராளி விரலுக்கு வந்துவிடுகிறார்.

3. நுழைதல்: வலது பாதம் எதிராளியின் வலது பாதத்துக்கு முன்னால் போகிறது. அதன் முன்பாதத்தில் சுழன்று, இடது பாதத்தைப் பின்னால் கொண்டுவந்தால், இருவரும் ஒரே திசையைப் பார்த்து நிற்பார்கள். இப்போது முழங்கால்கள் மடங்கியிருக்க வேண்டும். எறிபவரின் இடுப்பு எதிராளியின் பெல்ட்டுக்குக் கீழே இருக்க வேண்டும்.

4. பொருத்துதல்: வலது முழங்கை எதிராளியின் வலது அக்குளுக்குக் கீழே புகுகிறது. முதுகும் அவருடைய மார்பும் ஒட்டிக்கொள்கின்றன. நடுவில் காற்றுப் போக இடம் இருக்கக் கூடாது.

5. எறிதல்: முழங்கால்கள் நிமிர்கின்றன. எறிபவரின் தலை இடப்பக்கம் திரும்புகிறது. இடது கை தன் இடுப்பை நோக்கி இழுக்கிறது. எதிராளி தோளுக்கு மேலாக உருண்டு முன்னால் விழுகிறார்.

6. காத்தல்: எறிந்த பிறகும் இடது கை அந்தச் சட்டைக்கையை விடுவதில்லை. கடைசி நொடியில் லேசாக மேலே இழுத்துக்கொடுக்கிறது.

இந்த ஆறாவது படியைத்தான் பார்ப்பவர்கள் கவனிப்பதே இல்லை. விழுபவரின் தலை தரையில் மோதாமல், முதுகும் கையும் முதலில் தரையைத் தொடும்படி செய்வது அந்த இடது கைதான். கை எறியில் கைக்கு இரண்டு வேலை. முதலில் எதிராளியைக் கலைக்க வேண்டும், முடிவில் அவரைக் காக்க வேண்டும். இரண்டாவதை ஒழுங்காகச் செய்யாதவர் எறியை முழுசாகக் கற்றுக்கொள்ளவில்லை என்றே அர்த்தம்.

தூக்கும் வேலையைச் செய்வது கால்கள். சந்தையில் வாழைக்குலைக் கட்டைத் தோளில் ஏற்றுபவர் இடுப்பை வளைத்துத் தூக்குவதில்லை. முழங்காலை மடக்கிப் பாரத்துக்கு அடியில் புகுந்து, பிறகு நிமிர்கிறார். செயோய்-நாகேயும் அதே கணக்குதான்.

எறிவதற்கு முன் விழக் கற்பது ஏன்?

நல்ல ஜூடோ வகுப்பில் சேரும் பிள்ளை முதல் சில வாரங்களுக்கு யாரையும் எறியாது. விழுந்துகொண்டே இருக்கும். 'பணம் கட்டிச் சேர்த்தா, சும்மா உருள விடுறாங்களே' என்று பெற்றோர் அலுத்துக்கொள்ளலாம். ஆனால் ஜூடோவின் அஸ்திவாரமே அதுதான். ஜப்பானிய மொழியில் 'உகேமி'.

• தாடையை மார்போடு சேர்த்துவைக்க வேண்டும். தலையின் பின்பக்கம் தரையில் படக் கூடாது.

• விழும்போது மூச்சை வெளியே விட வேண்டும்.

• உள்ளங்கையும் முன்கையும் சேர்த்துத் தரையில் அடிக்க வேண்டும். கை உடலில் இருந்து அதிகம் விலகாமல், சாய்வாக இருக்க வேண்டும்.

• விழும்போது கையைப் பின்னால் ஊன்றக் கூடாது. மணிக்கட்டு, முழங்கை, காறை எலும்பு உடைவது பெரும்பாலும் இப்படி ஊன்றும்போதுதான்.

முதலில் படுத்த நிலையில், பிறகு குந்தி உட்கார்ந்து, பிறகு நின்று, பிறகு நடந்துகொண்டே, கடைசியாக இன்னொருவர் எறிய என்று உயரம் படிப்படியாகக் கூடும். யோசிக்காமலே தாடை மார்பைத் தொடும் அளவுக்குப் பழகிய பிறகுதான் மற்றவர்களின் எறிக்கு அந்தப் பிள்ளையை விட வேண்டும்.

அடிமுறைக்கும் ஜூடோவுக்கும் என்ன வேறுபாடு?

2020 பொங்கலுக்கு வெளியான தனுஷின் 'பட்டாஸ்' படத்துக்குப் பிறகு 'அடிமுறை' என்ற சொல் தமிழகம் முழுக்கப் பரவியது. குமரி மாவட்டத்துக்கும், அதை ஒட்டிய திருவனந்தபுரம் பகுதிக்கும் அது பழைய சொத்து. கல்குளம், விளவங்கோடு பக்கத்துக் கிராமங்களில் ஆசான்கள் இதைத் தலைமுறை தலைமுறையாகக் கற்றுக்கொடுத்து வந்திருக்கிறார்கள். அமெரிக்க ஆய்வாளர் ஃபிலிப் ஸரில்லி, ஜெர்மன் ஆய்வாளர் ரோமன் சீலர் போன்றவர்கள் இங்கே வந்து ஆசான்களிடம் கேட்டறிந்து எழுதியிருக்கிறார்கள்.

ஒற்றைச்சுவடு, கூட்டச்சுவடு என்று காலடிகளில் தொடங்கும் கலை இது. பிடி, பூட்டு, பூட்டைக் கழற்றும் பிரிவு, பூட்டிய ஆளைத் தரையில் சாய்ப்பது என்று விரிகிறது. அதாவது 'காலடி சரியாக இல்லாவிட்டால் கை வேலை செய்யாது' என்ற பாடம் இரண்டு கலைகளுக்கும் பொது. அடிமுறை பழகிய பிள்ளைக்குச் செயோய்-நாகேயின் சுழற்சி சீக்கிரம் பிடிபட வாய்ப்பு அதிகம்.

வேறுபாடு பயிற்சி முறையில் இருக்கிறது. அடிமுறையின் உச்சம் வர்மம். மரபுக் கணக்கில் 108 வர்மங்கள். படுவர்மம் 12, தொடுவர்மம் 96. தவறான கையில் போனால் ஆபத்து என்பதால், பல வருடம் கூடவே இருந்து நம்பிக்கை பெற்ற சீடருக்கு மட்டுமே ஆசான் அதைச் சொல்லிக்கொடுப்பார். பூட்டும் அடியும் பெரும்பாலும் முன்கூட்டியே வகுத்த வரிசையில், இவர் இப்படிச் செய்தால் அவர் அப்படிச் செய்வார் என்று பழகப்படும். முழு வேகத்தில், முழு எதிர்ப்போடு செய்து பார்க்க முடியாது. செய்தால் எதிரில் நிற்பவருக்குக் கை போய்விடும்.

ஜப்பானின் பழைய ஜூஜுத்சு மரபுகளும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தன. 1882-இல், 21 வயதில், டோக்கியோவின் எய்ஷோஜி கோயிலில் 12 விரிப்புகள் போட்ட சிறிய அறையில் கோடோகானைத் தொடங்கிய கானோ இங்கேதான் ஒரு திருப்பத்தை ஏற்படுத்தினார். அடி, உதை, ஆபத்தான முறிப்புகளைச் சுதந்திரப் பயிற்சியில் இருந்து எடுத்துவிட்டார். விழுபவர் எழுந்து மறுபடி வர முடிகிற எறிகளையே மையமாக வைத்தார்.

விளைவு என்ன? ஒரே எறியை உண்மையான எதிர்ப்போடு ஆயிரக்கணக்கான முறை செய்து பார்க்க முடிந்தது. விழுந்த கூட்டாளி எழுந்து வந்தால்தானே அடுத்த முறை எறிய முடியும்? ஜூடோவில் பாதுகாப்பு என்பது தனியாக ஒட்டவைத்த விதி இல்லை. எறி செம்மையாவதே அதனால்தான்.

இதில் எது உசத்தி, எது மட்டம் என்ற பேச்சுக்கு இடமில்லை. அடிமுறை சிகிச்சையையும் சேர்த்துக் கற்றுத்தரும் மரபு. ஜூடோ ஒரு நவீன விளையாட்டு. இரண்டின் நோக்கமும் வேறு.

எறியை எப்படிச் செம்மைப்படுத்துகிறார்கள்?

செயோய்-நாகேயின் வடிவத்தை ஒரு வாரத்தில் கற்றுவிடலாம். போட்டியில் எடுபட வருடங்கள் ஆகும். இடைப்பட்ட காலத்தில் நடப்பது இதுதான்:

உச்சிகோமி: எறியாமல், நுழைவதை மட்டும் திரும்பத் திரும்பச் செய்வது. பத்துப் பத்தாக எண்ணிச் செய்வார்கள். இதில் வேகத்தைவிட, ஒவ்வொரு முறையும் பாதம் அதே இடத்தில் விழுகிறதா, எதிராளி விரலுக்கு வந்தாரா என்பதுதான் முக்கியம். கூட்டாளி இல்லாத நேரத்தில் பழைய சைக்கிள் ட்யூபைக் கம்பத்தில் கட்டி இழுத்துப் பழகுவதும் உண்டு.

நகர்ந்துகொண்டே உச்சிகோமி: நின்ற இடத்தில் அழகாக வரும் எறி, ஆள் நகர ஆரம்பித்ததும் காணாமல் போகும். அதனால் முன்னும் பின்னும் நடந்தபடி நுழைந்து பழகுகிறார்கள்.

மூன்று பேர் பயிற்சி: கூட்டாளியின் பெல்ட்டை இன்னொருவர் பின்னால் இருந்து பிடித்துக்கொள்வார். எறிபவர் முழுப் பலத்தோடு இழுத்தாலும் ஆள் விழமாட்டார். இழுப்பின் பலம் கூடும்.

நாகேகோமி: உண்மையாகவே எறிவது. தொடக்கத்தில் தடிமனான மெத்தை விரிப்பின் மேல் செய்வார்கள்.

ராந்தோரி: இருவரும் எதிர்த்தபடி சுதந்திரமாகப் பயில்வது. நூறு முறை உச்சிகோமியில் சரியாக வந்தது, இங்கே ஒருமுறைகூட வராமல் போகலாம். அது தோல்வி இல்லை. எங்கே இடைவெளி இருக்கிறது என்று காட்டும் இடம் இதுதான்.

கூட்டு எறி: நேரடியாக முன்னால் எறிய முயன்றால் எதிராளி பின்னால் சாய்ந்து தடுப்பார். அதனால் முதலில் அவரைப் பின்னால் தள்ளுவது போல உட்காலைக் கொக்கி போட்டுத் தட்டுவார்கள். அவர் விழாமல் இருக்க முன்னால் எடையைக் கொண்டுவருவார். அந்த நொடியில் செயோய்-நாகே. அலை இல்லாத நேரத்தில் தாங்களே அலையை உண்டாக்குவது என்று சொல்லலாம்.

ஜப்பானின் தொஷிஹிகோ கோகா 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் 71 கிலோ பிரிவில் தங்கம் வென்றார். போட்டிக்குச் சில நாள் முன்பு பயிற்சியில் முழங்காலில் பலத்த காயம். அந்த நிலையிலும் வென்ற அவருடைய இப்போன்-செயோய்-நாகேயை இன்றைக்கும் பயிற்சியாளர்கள் வீடியோவில் போட்டுக் காட்டுகிறார்கள். 60 கிலோ பிரிவில் 1996, 2000, 2004 என்று தொடர்ந்து மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்ற தாதாஹிரோ நோமுராவின் பெயரைச் சொன்னாலும் நினைவுக்கு வருவது செயோய்-நாகேதான்.

அடிக்கடி நடக்கும் தப்புகள் என்னென்ன?

• முழங்காலுக்குப் பதில் முதுகை வளைப்பது: எதிராளியின் எடை முழுக்க இடுப்பில் இறங்கும். முதுகுவலிக்கு நேர் வழி இது.

• இழுக்காமல் திரும்புவது: எதிராளி நிமிர்ந்தே நிற்பார். திரும்பியவருடைய முதுகு அவருக்குக் கிடைத்துவிடும்.

• முழங்கை அக்குளுக்குள் போகாமல் வெளியே நிற்பது: எடை முழுவதும் எறிபவரின் வளைந்த முழங்கையில் விழும். செயோய்-நாகே பழகுபவர்களுக்கு முழங்கை வலி வர முக்கியக் காரணம் இதுதான்.

• எடுத்த எடுப்பில் முழங்கால் போட்டு எறிவது: கீழே போனால் எதிராளிக்கு அடியில் புகுவது சுலபம் என்று சிறுவர்கள் இரண்டு முழங்காலையும் தொப்பென்று ஊன்றி இழுப்பார்கள். எறிபவருக்கு முழங்காலில் அடி. எறிபடுபவருக்கு உருள இடமில்லாமல் தலை முதலில் தரைக்குப் போகும் ஆபத்து.

இந்தக் கடைசித் தப்பு சாதாரணமானது இல்லை. ஜப்பானில் சிறுவர் போட்டி விதிகளில், இரண்டு முழங்காலையும் ஒரே நேரத்தில் ஊன்றிச் செய்யும் செயோய்-நாகே தடை செய்யப்பட்டிருக்கிறது.

போட்டி விதிகள் என்ன சொல்கின்றன?

வேகம், பலம், கட்டுப்பாடு மூன்றும் சேர்ந்து எதிராளியின் முதுகு பதிய எறிந்தால் 'இப்போன்'. ஆட்டம் அத்தோடு முடிந்தது. முழுசாக அமையாவிட்டால் 'வசாரி'. அதற்கும் கீழே 'யூக்கோ' என்ற புள்ளி 2025-இல் மீண்டும் கொண்டுவரப்பட்டிருக்கிறது. பெரியவர்களுக்கான ஆட்டம் 4 நிமிடம்.

நின்றபடி எதிராளியின் காலைக் கையால் பிடிப்பதற்கு 2010-இல் கட்டுப்பாடு வந்தது, 2013-இல் முழுத் தடையானது. இதனால் 16 கை எறிகளில் காலைப் பிடித்துச் செய்யும் சிலவற்றை சர்வதேசப் போட்டிகளில் இப்போது பார்க்க முடியாது. கத்தா-குருமாவைக்கூட காலைத் தொடாத மாதிரி மாற்றிச் செய்கிறார்கள். தலையை முன்னால் ஊன்றிப் பாய்ந்து எறிய முயல்வது தகுதி நீக்கத்துக்குரிய குற்றம். கழுத்தெலும்பைக் காப்பதற்கான விதி அது.

இந்தியா எங்கே நிற்கிறது?

இந்தியாவுக்கும் ஜூடோவுக்கும் பழைய தொடர்பு உண்டு. ரவீந்திரநாத் தாகூரின் அழைப்பில் 1905-இல் ஜின்னோசுகே சானோவும், 1929-இல் ஷின்ஸோ தகாகாகியும் சாந்திநிகேதனுக்கு வந்து கற்றுக்கொடுத்தார்கள்.

சமீப காலத்தில், 2022-இல் சரயேவோவில் நடந்த இளையோர் உலகப் போட்டியில் மணிப்பூரின் லிந்தோய் சனம்பம் தங்கம் வென்றார். ஜூடோ உலக சாம்பியன்ஷிப் ஒன்றில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது. 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் கபில் பர்மார் வெண்கலம் வென்றார். பாராலிம்பிக் ஜூடோவில் இந்தியாவின் முதல் பதக்கம்.

பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கான ஜூடோவில், இருவரும் ஒருவரை ஒருவர் பிடித்த நிலையில்தான் ஆட்டமே தொடங்கும். எதிராளியின் எடை எந்தக் காலுக்கு மாறுகிறது என்பதைச் சட்டைத்துணி வழியாகக் கை உணர வேண்டும். கை எறியில் கையின் உண்மையான வேலை என்ன என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

ஜப்பான் கற்ற கசப்பான பாடம்

ஜூடோ பிறந்த ஜப்பானிலேயே, 1983 முதல் சுமார் 30 ஆண்டுகளில் பள்ளி ஜூடோவில் நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்கள் உயிரிழந்ததை ஆய்வாளர் ரியோ உச்சிதா புள்ளிவிவரங்களோடு வெளிக்கொண்டுவந்தார். பெரும்பாலானவை தலைக்காயங்கள். அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் புதிதாகச் சேர்ந்தவர்கள். அடிக்கடி தொடர்புபட்டது கை எறி அல்ல. எதிராளியைப் பின்பக்கமாக வீழ்த்தும் 'ஓசோதோ-காரி' என்ற கால் எறி.

தலை நேரடியாகத் தரையில் மோத வேண்டும் என்றுகூட இல்லை. தலை வேகமாகக் குலுங்கினாலே மூளையைச் சுற்றியுள்ள ரத்தக்குழாய் கிழிய வாய்ப்பு உண்டு. விழுவதைச் சரியாகக் கற்காத பிள்ளையை, அனுபவசாலி ஒருவர் முழு வேகத்தில் எறிவதுதான் மிக ஆபத்தான சூழல்.

இதன்பிறகு அங்கே பயிற்சி வழிகாட்டுதல்கள் இறுக்கப்பட்டன. 2022-இல், தொடக்கப் பள்ளி மாணவர்களுக்கான தேசிய தனிநபர் போட்டியையே அந்நாட்டு ஜூடோ கூட்டமைப்பு நிறுத்திவிட்டது. 'எப்படியாவது ஜெயிக்கணும்' என்ற பெரியவர்களின் வெறி சின்னப் பிள்ளைகளின் தலையில் இறங்குகிறது என்பதே காரணம்.

பெற்றோர் எதைப் பார்த்துச் சேர்க்க வேண்டும்?

நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கில் உள்ள மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில், அங்கீகாரம் பெற்ற பயிற்சி எங்கே கிடைக்கிறது என்று விசாரிக்கலாம். சேர்ப்பதற்கு முன் ஒருநாள் வகுப்பை நேரில் உட்கார்ந்து பாருங்கள்.

• விரிப்பு இருக்கிறதா? சிமென்ட் தரையின் மேல் மெல்லிய பாய் போட்டு எறிய விடுகிறார்களா? சங்குத்துறை, சொத்தவிளை மாதிரி கடற்கரை மணலில் பழகுவதும் ஈடாகாது. சுழலும்போது பாதம் மணலில் புதைந்து முழங்கால் முறுக்கிக்கொள்ளும்.

• புதிய பிள்ளைகளுக்கு விழும் பயிற்சி தனியாக நடக்கிறதா?

• எடை, வயது, அனுபவம் பார்த்து ஜோடி சேர்க்கிறார்களா?

• எறிந்த பிறகு சட்டைக்கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறாரா பயிற்சியாளர்? 'லேய் மக்கா, கைய விடாத' என்ற சத்தம் வகுப்பில் அடிக்கடி கேட்டால் நல்ல அறிகுறி.

• சீருடையும் விரிப்பும் சுத்தமா? தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. ஈரம் காயாத சீருடையில் படர்தாமரை சீக்கிரம் பரவும். ஒவ்வொரு வகுப்புக்குப் பிறகும் துவைத்து, நன்றாகக் காயவைக்க வேண்டும்.

அடிபட்டால் ஆசானா, ஆஸ்பத்திரியா?

குமரி மாவட்டத்தில் சுளுக்கு, மூட்டு விலகல் என்றால் வர்ம ஆசானிடம் போய்த் தடவிக்கொள்வது காலங்காலமான பழக்கம். ஆனால் தலையிலோ கழுத்திலோ அடிபட்டால் அந்த யோசனையே வேண்டாம். தடவவும் கூடாது, திருப்பவும் கூடாது.

விழுந்த பிறகு தலைவலி கூடிக்கொண்டே போவது, வாந்தி, தூக்கக் கலக்கம், குழப்பமான பேச்சு, வலிப்பு, கை கால் மரத்துப்போவது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அரசுத் தரப்பில் நாகர்கோவில் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அறிகுறிகள் சில மணி நேரம் கழித்தும் வரலாம். 'எந்திரிச்சு நடந்தான், ஒண்ணுமில்ல' என்று விட்டுவிடக் கூடாது.

தலையில் அடிபட்ட பிள்ளை அன்றைக்கு மறுபடி விரிப்பில் இறங்கவே கூடாது. போட்டி மறுநாளாக இருந்தாலும் சரி, மருத்துவர் சொன்ன பிறகுதான் திரும்ப வர வேண்டும்.